உரக்கத்தான் படிக்க வருகிறது

ஏப்ரல் 6

அன்பு மகனுக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள். ஓர் எழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் இருக்கும். வரிகள் மேலே ஏறி, மூச்சு வாங்கி, கீழே இறங்கும். கோடு போட்ட தாள்தான்; குற்றம் தாளின் மேல் இல்லை. காலம் முழுவதும் வெள்ளையடிக்கும் மட்டை பிடித்த கை இது. பேனாவை மூன்று விரலில் பிடி என்றால் மற்ற இரண்டும் கோபித்துக்கொண்டு வந்து சேர்ந்துகொள்கின்றன.

ஆமாம், இதை நானே எழுதுகிறேன். இதுவரை நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதினாள். இப்போது அவள் பக்கத்து அறையில் மிஷினில் பள்ளிச் சீருடை தைக்கிறாள்; நான் முன் அறையில் எழுத்தாளனாக உட்கார்ந்திருக்கிறேன். மாலை வகுப்பில் எல்லா எழுத்தும் முடிந்துவிட்டது. ‘ஔ’ மட்டும் படித்ததோடு சரி. அதைப் போட்டு எழுத ஒரு வார்த்தையும் இன்னும் வாய்க்கவில்லை.

எத்தனை சுவரில் எழுதியிருந்ததை, என்னவென்று தெரியாமலே சுண்ணாம்பால் மூடியிருப்பேன். இப்போது தெருவில் ஒரு சுவரையும் விடுவதில்லை. பஸ்ஸின் முதுகு, கடைப் பலகை, சோப்பு உறை எல்லாம் படிக்கிறேன். ஒரே தொல்லை, உரக்கத்தான் படிக்க வருகிறது. மனதுக்குள் படித்தால் எழுத்துகள் நழுவிவிடுகின்றன. டீச்சர், “விடுங்க பெரியவரே, போகப் போக வாய் தானா மூடிக்கும்” என்கிறார். உன் அம்மா இருந்திருந்தால், எனக்கு அந்த நாள் வரவே வராது என்றிருப்பாள்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நீ விடுப்பில் வந்திருந்தபோது உள்ளங்கையில் சிவப்பாகத் தடித்திருந்ததே, வெல்டிங் கையுறைச் சூடு என்றாயே, அது போய்விட்டதா? இங்கே மருமகளுக்கு நாலாவது மாதம். வாந்தி குறைந்திருக்கிறது. சீக்கிரம் முதல் தடவையாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன். கடை போனில் பேசினால் பின்னால் வரிசை நின்று நம் குடும்பக் கதையைக் கேட்கிறது. இனி நமக்குக் கடிதம்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா


ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அவளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கையெழுத்தை அறையில் எல்லோரிடமும் காட்டினேன். எனக்கு மேல் கட்டிலில் படுப்பவன், “உன் வெல்டிங்கை விட உங்க அப்பா எழுத்து நேரா இருக்குடா” என்றான். இப்போது ஒரு பழைய கப்பலின் அடித்தளத்தில் வேலை. படுத்துக்கொண்டே பற்றவைக்க வேண்டும். நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

கை எப்போதோ சரியாகிவிட்டது. கையுறையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்


மே 2

அன்பு மகனுக்கு,

நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மருத்துவமனைக்குப் போய்வந்தோம். நீண்ட கூடம், இரண்டு பக்கமும் பெஞ்சு. சுவருக்கு மட்டமான பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தொட்டால் கையில் ஒட்டுகிறது. ஆனால் அந்தச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு தாள் ஒட்டியிருந்தது. சிவப்பு எழுத்து, நல்ல பெரிது. விடுவேனா? எழுந்து நின்று ஆரம்பித்தேன். “பா… பால்… பால்வினை நோய்கள். கா… காரணங்கள், அறிகுறிகள், பரிசோதனை.”

எதிரில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தாளை மடியில் இறக்கினார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மருமகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “மாமா, போதும் மாமா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்மா. போன வருஷம் கையெழுத்துக்குப் பதிலா கைநாட்டு வச்சவன்தானே நான்.”

ஒரு அம்மா, “இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப் பெரியவரே இந்தப் பாடம்?” என்றார். கூடமே சிரித்தது.

“எந்தப் பாடமா இருந்தா என்னம்மா, கூட்டிப் படிக்க வருதே” என்று சொல்லிவிட்டு மேலே படித்தேன். வலிக்காத புண் வருமாம், தானாக ஆறிவிடுமாம், பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புத் தடிப்பு வருமாம், அது அரிக்காதாம். அந்த இடத்தில் மருமகள் என் சட்டையை விட்டுவிட்டாள். வெட்கம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் சிலருக்கு அப்படி ஆகும். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள்.

குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். சந்தோஷமாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா


மே 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

அந்தச் சுவரில் இன்னும் என்ன எழுதியிருந்தது? முழுவதையும் எழுதி அனுப்ப முடியுமா? எனக்கு இல்லை. மேல் கட்டில்காரனுக்கு ஏதோ சந்தேகம். இங்கே வெளியே போய்க் கேட்க வெட்கப்படுகிறான். புண் ஆறிவிட்டால் நோயும் போய்விட்டது என்று அர்த்தமா என்று அதில் இருக்கிறதா, பாருங்கள்.

அவளுக்கு என்னென்ன பார்ப்பதற்கு ரத்தம் எடுத்தார்கள்? அவள் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

தயவுசெய்து அங்கே போய் உரக்கப் படிக்காதீர்கள்.

உங்கள் மகன்


மே 24

அன்பு மகனுக்கு,

நலம். நீ என்னை நம்பி ஒரு படிப்பு வேலை கொடுத்தது எனக்கு ரொம்பப் பெருமை. மறுநாளே பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு போனேன். நர்ஸம்மா, “என்ன பெரியவரே, மறுபடியுமா?” என்றார்.

“மகன் கேட்டிருக்கான் சிஸ்டர். கூட்டாளிக்காம்.”

அவர் தானே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “நல்லா எழுதுங்க. ஒரு வரி விடாம எழுதுங்க” என்றார். எழுதியதை இதோ தருகிறேன்.

இந்த நோய்கள் நோயுள்ளவரோடு பாதுகாப்பில்லாமல் உடலுறவு கொள்வதால் வருகின்றன. தட்டு, டம்ளர், துணி, கழிப்பறை இவற்றால் வருவதில்லை. பலருக்கு அறிகுறியே தெரியாது. சிலருக்குச் சிறுநீர் எரியும், சீழ் வரும், பெண்களுக்கு அடிவயிறு வலிக்கும், வெள்ளைபடும். மேகப்புண் என்ற நோயில் வலியில்லாத புண் ஒன்று வந்து, மருந்தில்லாமலே ஆறிவிடும். நோய் ஆறியதாக எண்ண வேண்டாம். அது உடம்புக்குள்ளேயே இருக்கும். சில வாரம் கழித்து உள்ளங்கை

மகனே, இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதுவரை எழுத்துகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன எழுதுகிறோம் என்று இங்கேதான் பார்த்தேன். மீதியை நர்ஸம்மா படித்துச் சொன்னார். அதை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கணவன் மனைவி இருவருக்கும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். பிள்ளை தங்காமலும் போகலாம், குறையோடும் பிறக்கலாம். நேரத்தில் ஊசி போட்டால் குணமாகும்.

அவ்வளவுதான் அந்தத் தாளில் இருப்பது. மருமகளை முந்தாநாள் மறுபடி கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். வந்ததிலிருந்து தன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்க்கிறாள்.

உன் மேல் கட்டில்காரனுக்கு உள்ளங்கை எப்படி இருக்கிறது? நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை. உன்னிடம் மட்டும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா


ஜூன் 20

அன்பு மகனுக்கு,

உன் பதில் வரவில்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போதெல்லாம் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

மருமகளின் ரத்தத்தில் அந்த நோய் இருக்கிறது. மேகப்புண். நானாகத் தெரிந்துகொள்ளவில்லை, அவள்தான் சொன்னாள். அவளுடைய டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஓடிவந்து பிடுங்கினாள். “வேண்டாம் மாமா, உங்களுக்கு ஒட்டிக்கும்” என்றாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். “நான் எங்கேயும் போகலை மாமா. யார் மேல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்.”

“நான் கேக்கவே இல்லையேம்மா” என்றேன். உனக்கு அனுப்பியதை எனக்கும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்து, டம்ளரால் வருவதில்லை என்ற வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். படித்துவிட்டு அந்தத் தண்ணீரையும் குடித்தேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அங்கேயே விழுந்துவிடுவேனோ என்பதுபோல.

வாரம் ஒன்றாக மூன்று ஊசி. இடுப்பில் போடுகிறார்கள். முடிந்துவிட்டது. நான் துணைக்குப் போனேன். நர்ஸம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “யார் தப்புன்னு ரத்தம் சொல்லாது பெரியவரே. கிருமி இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். ஊசி போட்டாச்சு, பிள்ளைக்கு நல்லதுதான் நடக்கும்னு நினைக்கறோம். பிறந்த அப்புறம் பாத்தாத்தான் நிச்சயம். ஆனா வீட்டுக்காரர் ரத்தம் பாக்காம வந்து சேர்ந்தா, இவங்களுக்கு மறுபடியும் முதல்லேர்ந்து.”

உன் அத்தை வந்து தங்கியிருக்கிறாள். தனித் தட்டைப் பார்த்துவிட்டாள். என் அக்காவின் கண்ணைப் பற்றி உனக்குத் தெரியும். மருமகளை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டாள். இப்போது, “கட்டினவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான். இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சாம்?” என்று கேட்டுக்கொண்டு திரிகிறாள். இதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறது. ஒரே ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா


ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. நலம்.

நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தப் பரிசோதனைகள் தவறாகவும் வருவதுண்டு என்று இங்கே சொல்கிறார்கள். அப்படியே இருந்தாலும் எனக்கு என்ன தெரியும்? நான் வருடத்தில் ஒரு மாதம் இருக்கிறேன். அவள் துணி கொடுக்க, அளவெடுக்க என்று கடை கடையாகப் போகிறாள். யாரோடு பேசுகிறாள், எப்போது வருகிறாள் என்று உங்களுக்கு எல்லாம் தெரியுமா? நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அத்தையும் எனக்கு எழுதியிருந்தார். பிரசவம் முடியும்வரை அவள் தன் அம்மா வீட்டில் இருப்பது எல்லோருக்கும் நல்லது என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்


ஜூலை 10

மகனுக்கு,

நலமா என்று இந்த முறை கேட்கவில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய்.

உன் கடிதத்தை எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். முன் அறையில் உட்கார்ந்து வழக்கம்போலக் கூட்டிப் படித்தேன். உனக்குக் கண் முன்னால் ஓடிப்போய் வரி எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு வரும். எனக்கு வராது. முதல் வார்த்தையைப் படிக்கும்போது கடைசி வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியாது. ‘அவள் துணி கொடுக்க’ என்று படித்தேன். ‘கடை கடையாக’ என்று படித்தேன். எங்கே போகிறது என்று தெரியாமலே உன்னோடு போனேன். தெரிந்தபோது வாயை விட்டு வெளியே வந்துவிட்டது. பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது.

மருமகள் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து வாசற்படியில் நின்றாள். “முழுசாப் படிங்க மாமா.”

“எழுத்து சரியாத் தெரியலைம்மா.”

“அவர் எழுத்து எனக்குத் தெரியும். முத்து முத்தாத்தான் எழுதுவார். படிங்க.”

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுவரை படித்தேன். அவள் “சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு மிஷின் ஓடவில்லை. அழும் சத்தமும் வரவில்லை. அழுதிருந்தால் தேவலை.

இதை எழுத எனக்கு இரண்டு பொழுது ஆகிறது. ஆனால் ஒரு வார்த்தையையும் மாற்றமாட்டேன். உன் உள்ளங்கையில் இருந்ததை நானும் பார்த்தேன். களிம்பு வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். உன்னை அடிக்கும் வயது போய்விட்டது, எனக்கும் உனக்கும். நீ செய்தது ஒன்று. அதை அவள் மேல் துடைத்தது இன்னொன்று. முதலாவதற்கு ஊசி இருக்கிறது.

அவள் எங்கேயும் போகமாட்டாள். போவதென்றால் உன் அத்தை போகட்டும். அவளுக்குச் சொந்த வீடு இருக்கிறது.

அப்பா


ஜூலை 11

உங்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எப்போதும் எழுதுவேன். இந்த முறை உண்மையாகவே உங்கள் நலம் எனக்குத் தெரிய வேண்டும். ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

மாமா மருத்துவமனையில் அந்தத் தாளைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கைக்குக் களிம்பு தடவிவிட்டது நான். அரிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றீர்கள். அன்று உள்ளே போனதும் நர்ஸம்மாவிடம் நானேதான் விஷயத்தைச் சொன்னேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட, உங்கள் கடிதத்தை மாமா எழுத்துக் கூட்டிப் படித்ததைக் கேட்பது கஷ்டமாக இருந்தது. அவர் பாவம், எழுத்து தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தார். நான்தான் விடவில்லை.

கோபம் இருக்கிறது. இப்போது அதை வைத்துக்கொள்ள வயிற்றில் இடமில்லை.

இரண்டு காரியம் செய்யுங்கள். பரிசோதனை செய்து மருந்து எடுங்கள். எடுக்காமல் இந்த வீட்டுக்கு வரவேண்டாம். மற்றது, நோய் உங்களிடமிருந்து வந்தது என்று அத்தைக்கு உங்கள் கையால் எழுதுங்கள். தெருவுக்கெல்லாம் சொல்லச் சொல்லவில்லை. அத்தைக்குத் தெரிந்தால் போதும். மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

குழந்தை உதைக்கிறது. இரவும் பகலும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் அசையாவிட்டால் எனக்கு உயிரே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஆகஸ்ட் 23

அன்புள்ள அப்பாவுக்கும் அவளுக்கும்,

நலமில்லை. இப்போதுதான் நலமாகிக்கொண்டிருக்கிறேன். அவளும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்?

அப்பா இதை உரக்கப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

விடுப்புக்கு முன்னால் துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஒரு பெண்ணிடம் போனேன். ஆணுறை போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் புண் வந்தது, வலிக்கவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, புண் ஆறியதும் மிச்சத்தைத் தூக்கிப் போட்டேன். மாத்திரையால்தான் ஆறியது என்று நினைத்தேன். கையில் தடிப்பு வந்தபோது அது வேறு, இது வேறு என்று நினைத்தேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

உங்கள் கடிதங்கள் வந்த பிறகும் மருத்துவமனை வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். கடைசியில் மேல் கட்டில்காரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன்தான், “என் பேரைக் கெடுத்தேல்ல, அதுக்காவது வா” என்று கூட்டிப்போனான். அவனுக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் என்னைத் திட்டவில்லை. எத்தனை பேரிடம், எப்போது, உறை உண்டா, புண் எங்கே என்று சட்டைக்கு அளவெடுப்பதுபோல் கேட்டு எழுதிக்கொண்டார். ரத்தத்தில் இருக்கிறது. ஊசி போட்டார்கள். மற்ற நோய்களுக்கும் பார்த்தார்கள், இல்லை. மேகப்புண் அடங்கிவிட்டதா என்று மட்டும் சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம்.

அத்தைக்கு எழுதிவிட்டேன். அவள் கேட்டபடி, சுற்றி வளைக்காமல்.

நான் வரலாமா என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள் அப்பா.

உங்கள் மகன்


அக்டோபர் 9

அன்பு மகனுக்கு,

மகள் பிறந்திருக்கிறாள். தாயும் குழந்தையும் நலம் என்று எழுதத்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். நிச்சயமாகத் தெரியாமல் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை.

பிறந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டர் தலைமுதல் கால்வரை பார்த்தாராம். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாராம். குதிகாலில் ரத்தம் எடுத்தபோது அவள் கத்தியது கூடம் வரை கேட்டது. முடிவு வரும்வரை மருமகள் குழந்தையின் துணியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அவிழ்த்துப் பார்த்துப் பார்த்துக் கட்டினாள். நான் சுவரில் ஒட்டியிருந்த எதையும் படிக்கவில்லை.

நேற்று நர்ஸம்மா வந்து சொன்னார்: “பாப்பா உடம்புல நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. ரத்தத்துல அம்மாகிட்டேர்ந்து வந்தது கொஞ்சம் தெரியுது, அது போகப் போகக் குறையணும். சில மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். அதுவரைக்கும் நிம்மதியாத் தூங்குங்க.” எங்களுக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் முடியவில்லை. ஆனால் பாப்பா தூங்குகிறாள், நான் வெள்ளையடித்த நாளில் தூங்கியதுபோல, வாயைத் திறந்துகொண்டு.

உன் அத்தை உன் கடிதத்தோடு வந்தாள். வாசலிலேயே நின்று, “என் வாய்தான்டி எனக்குச் சத்துரு” என்றாள். மருமகள் நாற்காலி எடுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பாப்பாவைக் குளிப்பாட்டப் போய்விட்டாள். அத்தை வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

நீ வரலாமா என்று கேட்டிருந்தாயே. கேட்டேன். “என்னம்மா எழுதட்டும்?”

“பாப்பாவைப் பத்தி எழுதுங்க மாமா. என்னைப் பத்தி நானே எழுதிக்கறேன்.”

“எப்பம்மா?”

என்னிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி மிஷின் மேல் வைத்திருக்கிறாள். இன்று காலை எட்டிப் பார்த்தேன்; தப்புதான். உன் பெயரை எழுதி ஒரு காற்புள்ளி வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நீ அவசரப்படுத்தாதே. அவளுடைய கடிதத்துக்கு அவளிடம்தான் காத்திருக்க வேண்டும்.

பாப்பாவைப் பற்றி எழுதுவது என் வேலை. அடுத்த வாரம் எடை பார்க்கிறார்கள். தராசில் என்ன நின்றது என்று பார்த்துவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா